எல்லைகளைக் கடந்த தலைவர்

ஒவ்வோர் இளவேனிற்காலத்திலும் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. அங்கு அம்மரங்கள் வேரூன்றக் காரணமானவர்களுள் ஒருவர் யூக்கியோ ஓசாக்கி. அவர் தோக்கியோ நகரின் மேயராக இருந்தவர்.

ஓசாக்கி 1858ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தார். அக்காலத்தில் அந்நாடு இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. 1871இல் அவை கலைக்கப்பட்டு, ஒரே அரசின்கீழ் கொண்டுவரப்பட்டன. சிறுவயதில் கண்ட இந்த மாற்றம் ஓசாக்கியின் மனத்தில் ஆழப் பதிந்தது.

இதழாளராகப் பணியாற்றிய அவர், 1890இல் நடைபெற்ற ஜப்பானின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வெற்றி பெற்றார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தத் தேர்தலிலும் அவர் தோற்கவில்லை. 1903 முதல் 1912 வரை தோக்கியோ மேயராகவும் பொறுப்பு வகித்தார். அப்போதுதான் அமெரிக்காவுக்கு 2,000 செர்ரி மரங்களைத் தோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பியது. அவற்றில் பூச்சிகளும் நோயும் காணப்பட்டதால், 1910இல் அமெரிக்க அதிகாரிகள் அவற்றை எரித்துவிட்டனர். ஓசாக்கி அதை அவமதிப்பாகக் கருதவில்லை. 1912இல் நோயற்ற 3,020 மரங்கள் மீண்டும் அனுப்பி வைக்கப்பட்டன.

இளமையில், படைபலமே நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் என்று ஓசாக்கியும் நம்பினார். முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கே பாழடைந்த ஊர்களையும் போர்க்களங்களையும் நேரில் கண்டார். போரில் வென்ற நாடுகளும் துயரில் வாடுவதை உணர்ந்தார். தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

1921இல், கடற்படைச் செலவைக் குறைக்கவேண்டும் என்ற தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். ஆதரவாக 38 வாக்குகளும் எதிராக 285 வாக்குகளும் விழுந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் தம் கருத்தை எடுத்துரைத்தார். இராணுவத்தின் செல்வாக்கு ஓங்கிய காலத்திலும் அஞ்சாமல் பேசினார். 1942இல், மாமன்னரை அவமதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 83. நாட்டின் உச்ச நீதிமன்றம் 1944இல் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945 டிசம்பரில், உலகக் கூட்டாட்சியை வலியுறுத்தும் தீர்மானத்தை ஓசாக்கி முன்வைத்தார். சிற்றரசுகள் இணைந்து ஜப்பானாக மாறியதைப்போல, நாடுகளும் ஒரு பொதுவான அரசின்கீழ் இணையவேண்டும் என்பதே அவருடைய வாதம். 1948இல், அந்நோக்கத்துக்காக ஜப்பானில் தோன்றிய இயக்கத்தின் முதல் தலைவரானார்.

1953ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் முதன்முறையாகத் தோல்வியுற்றார். மறு ஆண்டு, தம் 95ஆம் வயதில் காலமானார். அவர் விரும்பிய உலக அரசு இன்றுவரை அமையவில்லை. எனினும், நாட்டுப்பற்றும் உலக நேயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.