தமிழ்த் தாத்தாவும் மேற்கோள் கணக்கும்

பொன்னை அளக்கத் தராசு உண்டு. பட்டை அளக்க முழக்கோல் உண்டு. புலமையை அளக்கக் கோல் உண்டா? உண்டு என்கின்றனர் இக்கால அறிஞர். ஒருவர் எழுதியதைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர், அவர் எத்தனை பேரோடு கூடி உழைத்தார் என்று எண்ணிப் பார்ப்பதே அக்கோல். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் எச்-குறியீட்டை வகுத்தார். நூலகத் துறையில் அளவீடு வேண்டும் என்று நம் சீர்காழி தந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1948-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இந்தக் கோலோடு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்வை அணுகிப் பார்ப்போம்.

இளமையும் ஆசிரியப் பணியும்

தஞ்சைத் தரணியில் 1855 பிப்ரவரி 19-ஆம் நாள் ஐயர் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மறையும் வரை பாடம் கேட்டார். 1880-இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் முயற்சியால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919 வரை அங்குப் பணியாற்றினார். நம்மைப் போன்ற அரசினர் கல்லூரி மாணவர்களுக்குத்தான் அவர் பாடம் சொன்னார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் பூரிக்கின்றது.

மேற்கோள் காட்டிய வழி

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் மலிந்து கிடந்தன. பலவற்றுக்கு நூற்பெயர் இல்லை. ஐயர் அவற்றைக் குறித்துக்கொண்டே வந்தார். பின்பு திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டியபோது அதே அடிகள் ஓர் ஏட்டில் தென்பட்டன. அதுவே பத்துப்பாட்டு! எவரும் கல்லாது கிடந்த நூலுக்கு ஒரு மேற்கோளே வழிகாட்டியாயிற்று. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அச்சேறின. மேற்கோளைத் தேடி எண்ணும் கலையை, அதற்கு ஒரு பெயர் ஏற்படுமுன்பே, அவர் கையாண்டிருக்கிறார்.

உடன் உழைத்தோர்

சைவ மரபில் வளர்ந்த ஐயருக்குச் சமணக் கொள்கை புதிது. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் பொருள் கேட்டார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவரைப் போல் பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்பதற்கு எத்துணை அடக்கம் வேண்டும்! மணிமேகலையின் பௌத்தக் கருத்துகளை விளக்க உடன் பணியாற்றிய ரங்காசாரியார் துணை நின்றார். பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோனும், இங்கிலாந்திலிருந்து ஜி. யு. போப்பும் கடிதத் தொடர்பு கொண்டனர். முதுமையில் கி. வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். உதவியவர் பெயர்களை ஐயர் தம் முகவுரைகளில் மறவாமல் எழுதினார்.

நம் காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்யும் தறியைப் பார்த்திருக்கிறோம். நடுவில் இருந்து உடல் நெய்பவர் ஒருவர்; பக்கத்தில் இருந்து கரையின் நாடாவைத் தள்ளுபவர் மற்றொருவர். சேலையைப் புகழ்வோர் இரண்டாமவரை நினைப்பதில்லை. ஐயரோ நினைத்தார்.

காஞ்சி பட்ட கடன்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. மணிமேகலை அறம் கேட்டுத் தவம் பூண்டதும் இந்நகரில்தான். பழங்காஞ்சியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு நூல்களையும் தொடாமல் எழுத முடியாது. ஆனால் அடிக்குறிப்பில் நூலின் பெயரும் அடியின் எண்ணும் மட்டுமே இருக்கும். பதிப்பித்தவர் பெயர் பெரும்பாலும் இராது. நம் வகுப்புக் கட்டுரைகளையே எடுத்துப் பாருங்கள். புறநானூற்றை எத்தனை முறை காட்டினோம்! ஐயரை எத்தனை முறை காட்டினோம்?

இங்குதான் கோல் தோற்கிறது. ஐயரின் உழைப்பு முழுமையாக வெற்றி பெற்றதனாலேயே அவர் பெயர் மறைந்துவிட்டது. அந்நூல்கள் என்றும் நம்மிடம் இருந்தவை போல் தோன்றச் செய்துவிட்டார். எண்ணுவது தவறன்று, எண்ணில் வராததை இல்லை என்பதே தவறு.

இறுதி நாட்கள்

1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் ஐயரை நாடி வந்தன. போர் அச்சத்தால் சென்னையை விட்டு, நம் தொண்டை நாட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் மறைந்தார். ஆனந்த விகடனில் எழுதி வந்த தன்வரலாறு முற்றுப்பெறாமலே நின்றது. அவர் தொகுத்த ஏடுகள் அவர் பெயரால் 1943-இல் சென்னையில் அமைந்த நூல்நிலையத்தில் காக்கப்படுகின்றன.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை சங்கப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டும்போது, பதிப்பாசிரியர் பெயரையும் ஒரு வரியில் எழுதுவோம். ஏடு தேடி நடந்த அந்தக் கால்களுக்கு நாம் செலுத்தக்கூடிய சிறு காணிக்கை அதுவே.