வாய்மையின் வழியில் யான் ஹுஸ்

இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபையின் சொல்லே இறுதிச் சொல்லாக விளங்கியது. அதன் போதனைக்கு மாறான கொள்கை ‘தப்பறை’ எனப்பட்டது. தப்பறையைக் கைவிட மறுத்தவரைத் திருச்சபை விலக்கியது, அரசு தண்டித்தது. அத்தகைய காலத்தில், மனச்சான்றுக்கு மாறாக ஒரு சொல்லும் கூற மறுத்து உயிர் துறந்தவர் யான் ஹுஸ்.

பிறப்பும் கல்வியும்

யான் ஹுஸ் ஏறத்தாழ 1370ஆம் ஆண்டில், பொகீமியா நாட்டின் ஹுசினெட்ஸ் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். அந்நாடு இன்றைய செக் குடியரசின் பகுதியாகும். ஊர்ப்பெயரின் சுருக்கமே அவர் பெயராயிற்று. பிராகா பல்கலைக்கழகத்தில் பயின்று 1396இல் முதுகலைப் பட்டம் பெற்றார், அங்கேயே ஆசிரியரானார். குருத்துவமும் பெற்ற அவர், 1409இல் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக உயர்ந்தார்.

மக்கள் மொழியில் மறையுரை

வழிபாட்டு மொழியாக இலத்தீன் கோலோச்சிய காலம் அது. செக் மொழியில் மறையுரை ஆற்றுவதற்கென்றே பிராகாவில் பெத்லகேம் சிற்றாலயம் எழுப்பப்பட்டிருந்தது. 1402 முதல் அங்கு உரையாற்றிய ஹுஸ், குருமாரின் பொருளாசையையும் திருச்சபைப் பதவிகள் விலைபோவதையும் கண்டித்தார். இங்கிலாந்து அறிஞர் ஜான் விக்ளிஃபின் நூல்கள் அவர் சிந்தனைக்கு உரமூட்டின. 1410இல் பிராகாவின் பேராயர் அந்நூல்களைத் தீக்கிரையாக்கினார்.

முற்றிய முரண்

அக்காலத்தில் மூவர் தம்மைத் திருத்தந்தை எனக் கூறிக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான இருபத்து மூன்றாம் யோவான், போர்ச் செலவிற்காகப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளை விற்கச் செய்தார். மன்னர் வென்செஸ்லாஸ் அவ்விற்பனையை ஆதரித்தபோதும், 1412இல் ஹுஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்புத் தெரிவித்த இளைஞர் மூவர் தலை துண்டிக்கப்பட்டனர். ஹுஸ் தங்கும் வரை பிராகாவில் வழிபாடு நடைபெறலாகாது எனத் தடை வந்தது. தம்பொருட்டு மக்கள் துன்புறலாகாது எனக் கருதிய அவர் நகரைவிட்டு வெளியேறினார். 1413இல் திருச்சபை குறித்து நூலொன்றை எழுதி முடித்தார். திருச்சபையின் உண்மையான தலைவர் கிறித்துவே என்பது அதன் மையக் கருத்தாகும்.

கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம்

திருச்சபையின் பிளவைத் தீர்க்க 1414இல் கான்ஸ்டன்ஸ் நகரில் பொதுச்சங்கம் கூடியது. மன்னர் சிகிஸ்மண்ட் அளித்த பாதுகாப்பு உறுதியை நம்பி ஹுஸ் அங்குச் சென்றார். சில வாரங்களிலேயே சிறைப்படுத்தப்பட்டார். தப்பறையாளருக்குத் தந்த வாக்கு திருச்சபையைக் கட்டுப்படுத்தாது என வாதிடப்பட்டது. 1415 மே மாதத்தில் இருபத்து மூன்றாம் யோவானைப் பதவி நீக்கிய அதே சங்கம், அவரை எதிர்த்த ஹுஸையும் குற்றவாளியாகவே நடத்தியது.

விசாரணையில் அவர்முன் வைக்கப்பட்ட கூற்றுகள் பலவற்றைத் தாம் கூறவே இல்லை என ஹுஸ் மறுத்தார். கூறாததைக் கூறியதாக ஒப்புக்கொண்டு கைவிட்டால் உயிர் பிழைக்கலாம். ஆனால், அது கடவுள்முன் பொய்யுரைப்பதாகும் என அவர் கருதினார். தாம் எழுதியது பிழையென மறைநூல்வழி காட்டினால் திருத்திக்கொள்வதாகவும் தெரிவித்தார். சங்கமோ விவாதத்தை விரும்பவில்லை, பணிவையே எதிர்பார்த்தது. 1415 சூலை 6 அன்று அவர் குருத்துவம் பறிக்கப்பட்டு, உயிருடன் எரிக்கப்பட்டார். நினைவுச்சின்னம் எதுவும் எஞ்சலாகாது எனச் சாம்பலும் ரைன் ஆற்றில் கரைக்கப்பட்டது.

காலத்தின் தீர்ப்பு

சாம்பல் கரைந்தாலும் சினம் கரையவில்லை. 1419இல் மூண்ட ஹுஸ்ஸியப் போர்கள் பதினைந்து ஆண்டுகள் நீடித்தன. ஒரு நூற்றாண்டிற்குப்பின் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் ஹுஸின் கருத்துகள் பலவற்றை ஏற்றுப் பேசினார். 1999இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஹுஸுக்கு நேர்ந்த கொடிய சாவிற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். இன்று செக் குடியரசில் சூலை 6 பொது விடுமுறை நாள். நினைவே எஞ்சலாகாது என எரிக்கப்பட்டவரை ஒரு நாடே ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது.