அதியமான் அளித்த உறைவிடம்

ஏற்காட்டைத் தன் முடிமேல் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாறு, வடபுறமாக இறங்கி, அரூர்ப் பகுதியை வளப்படுத்தித் தென்பெண்ணையில் கலக்கிறது. பெண்ணையாறு கிழக்கே திரும்பித் திருக்கோவலூரைக் கடந்து கடலை அடைகிறது. மலைக்கு வடக்கே பரந்து கிடக்கும் இன்றைய தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வாழ்வும் கொடையும் இந்நீரோட்டத்தின் வழியிலேயே அமைந்தன.

அதியர் குடி தொன்மை மிக்கது. அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறிக்கிறது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி செய்ததையும், மூலிகைகளை நட்டு வளர்க்கச் செய்ததையும் கூறும் சாசனம் அது. சத்தியபுத்திரர் என்போர் அதியரே என்பது பின்னர்க் கல்வெட்டால் உறுதியாயிற்று. கரும்பைத் தமிழகத்திற்கு முதன்முதல் கொணர்ந்தோர் அஞ்சியின் முன்னோரே என்பது புறநானூறு தரும் செய்தி.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அஞ்சி எண்ணப்படுகிறான். அவன் வாயில் பரிசிலர்க்கு அடைத்ததில்லை. ஒருநாள் அன்று, இருநாள் அன்று, பன்னாள் தொடர்ந்து பலரோடு சென்றாலும், முதல்நாள் காட்டிய அதே விருப்பத்துடன் வரவேற்றான் என்று ஔவையார் வியந்தார். பெருமலைப் பிளவில் ஏறுதற்கரிய இடத்தில் விளைந்த நெல்லிக்கனி ஒன்று அவன் கைக்குக் கிட்டியது. உண்டாரை நெடுநாள் வாழ்விக்கும் கனி அது. அதன் பயனை வெளியே சொல்லாது தன் உள்ளத்திலேயே அடக்கிக்கொண்டு, ஔவையாருக்கு அளித்தான். பயனை முன்னரே உரைத்திருந்தால் அவர் வாங்க மறுத்திருப்பார். பெறுவோர் தயங்காதிருக்கக் கொடுப்போன் மௌனம் காத்தமையே அக்கொடையின் சிறப்பு.

இவ்வள்ளல் பெரும்போர் வீரனுமாவான். எழுவரை எதிர்நின்று வென்றான். மலையமான் திருமுடிக்காரியின் திருக்கோவலூரைத் தாக்கிக் கைப்பற்றினான். அவன் அவையில் கள்ளும் ஊனும் பகிரப்பட்டதைப் புறப்பாடல்கள் மறைக்கவில்லை. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட அருக நெறிக்கும் அவனது வாழ்க்கைக்கும் இடையே இருந்த தொலைவு பெரிது. ஆயினும் அவன் பெயர் சமணத் தமிழகத்தின் வரலாற்றில் நிலைபெற்றிருப்பதற்குக் காரணம் நெல்லிக்கனி அன்று. அவன் ஈந்த மற்றொரு கொடை.

திருக்கோவலூர்ப் பகுதியில் உள்ள சம்பை என்னும் சிற்றூரில், இயற்கைக் குகை ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டு 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஒரே வரியில் முடியும் அச்செய்தி, சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி அப்பாளியை ஈந்தான் என்பதே. பாளி என்பது துறவியர் தங்கும் உறைவிடம். அது சமண முனிவர்க்கு அளிக்கப்பட்டது என அறிஞர் கொள்வர். பாடல்களில் மட்டுமே வாழ்ந்த மன்னன் வரலாற்று மன்னனாக உறுதிப்பட்டதும், சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் ஐயம் தீர்ந்ததும் இவ்வொரு வரியால்தான்.

அவ்வரியில் எழுவரை வென்ற பெருமிதம் இல்லை. கோவலூர் வெற்றியும் இல்லை. குடிப்பெயர், இயற்பெயர், கொடை ஆகிய மூன்றே உள்ளன. வாளால் வென்ற நாட்டில், எவ்வுயிர்க்கும் தீங்கு நினையாதார் அமைதியாய் அமர்ந்திருக்க ஓர் இடத்தை அவன் ஒதுக்கினான். புலவருக்கு அளித்தால் புகழ்ப்பாட்டு வரும். படைவீரருக்கு அளித்தால் போர்க்களத்தில் துணை வரும். உடைமை ஏதுமின்றி நிற்கும் முனிவரிடமிருந்து திரும்பி வருவது ஏதுமில்லை. அருக நெறி கூறும் தானங்களுள் உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றோடு உறைவிடமும் வைத்து எண்ணப்படுகிறது. கார்காலத்தில் உயிர்கள் மிதிபடாதிருக்க ஓரிடத்தில் தங்கும் முனிவர்க்கு, மழை புகாத பாறைநிழல் நோன்புக்கே அரணாகும்.

அஞ்சியின் முடிவு போர்க்களத்தில் நேர்ந்தது. வேல் பாய்ந்து அவன் வீழ்ந்தபோது, அது பாடுவோர் பாத்திரங்களையும் இரப்போர் கைகளையும் துளைத்துச் சென்றதாக ஔவையார் அரற்றினார். அவனுக்கு நடுகல் நாட்டப்பட்டது. தகடூர்க் கோட்டை சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. கோட்டை அழிந்தது, அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பாளி மட்டும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கிறது.

அக்குடியின் அறம் அவனோடு முடிந்துவிடவில்லை. போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், எழினி என்னும் முன்னோன் இயக்கன், இயக்கியர் உருவங்களை நிறுவியிருந்தான். காலத்தால் சிதைந்த அவற்றைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், தகடூர் அதியர் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்து மலைமேல் எழுந்தருளச் செய்தான். எறிமணி ஒன்றை வழங்கி, ஏரிக்குக் கால்வாயும் வெட்டுவித்தான். வடமொழியிலும் தமிழிலும் அமைந்த திருமலைக் கல்வெட்டு இதனை உரைக்கிறது. தெய்வத் திருப்பணியோடு உழவர்க்கு நீரும் சேர்ந்து சென்றது. புதிதாகத் தன் பெயரில் ஒன்றை எழுப்பாமல், முன்னோன் செய்ததைப் பழுதுபார்த்தான்; அதைச் செய்தவன் பெயரையும் கல்லில் காத்தான்.

தசலட்சண விழாவின் எட்டாம் நாள் உத்தம தியாகத்திற்கு உரியது. விழாக்காலத்தில் கைகள் எளிதில் திறக்கின்றன, அன்னதானம் பெருகுகிறது, நன்கொடையாளர் பெயர்ப்பட்டியல்களும் நீள்கின்றன. அவை யாவும் நல்லனவே. ஆனால் விழா முடிந்த மறுநாளும் மழை பெய்யும். ஒழுகும் கூரைகளும், பராமரிப்பாரற்ற பாழிகளும், பூசையின்றி நிற்கும் சிற்றூர் சினாலயங்களும் அப்போதும் இருக்கும். அஞ்சி ஈந்தது ஒருநாள் விருந்தன்று. ஆண்டுதோறும் கார்காலம் வரும்போதெல்லாம் பயன்பட்ட நிழல். விடுகாதழகிய பெருமாள் செய்ததோ சிதைந்ததைச் செப்பம் செய்யும் பணி. இவ்விரண்டும் மன்னர்க்கே உரிய அறங்கள் அல்ல. ஓர் ஊரின் சில குடும்பங்கள் கூடினால், ஒரு மழைக்காலத்திற்கு முன்னரே அவற்றைச் செய்து முடிக்கலாம்.

அறம் ஓங்குக.