பெயர் சூட்டிய பெருமகன்

ஸ்வீடன் நாட்டின் தென்பகுதியில், ராஷூல்ட் என்னும் சிற்றூரில், 1707ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் கரோலஸ் லின்னேயஸ் பிறந்தார். தந்தை நீல்ஸ் கிறித்தவச் சமயகுரு. தோட்டக்கலையில் தீராத வேட்கை உடையவர். குடும்பப் பெயரே அவர்தம் நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்திலிருந்து வந்ததுதான். மகனும் குருவாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனோ பாடநூல்களை விட்டுச் செடிகொடிகளைத் தேடி அலைந்தான். குருத்துவக் கல்விக்கு இவன் ஏற்றவன் அல்லன் என்று பள்ளி ஆசிரியர்கள் கூறியபோது தந்தை மனம் உடைந்தார். யோகன் ரோத்மன் என்னும் மருத்துவர் குறுக்கிட்டு, இவனை மருத்துவம் படிக்கவிடுங்கள் என வேண்டித் தம் இல்லத்திலேயே வைத்துக் கற்பித்தார். மருந்துகளிற் பல மூலிகைகளிலிருந்தே கிடைத்த காலம் அது. மருத்துவம் படிப்போர் தாவரங்களை அறிந்தே ஆக வேண்டும்.

1728இல் உப்சாலா பல்கலைக்கழகம் சென்ற லின்னேயஸ் வறுமையில் வாடினார். தேய்ந்த காலணிக்குள் காகிதத்தை மடித்து வைத்து நடந்தார் என்பர். அங்கிருந்த தாவரத் தோட்டத்தில் அவரது புலமையைக் கண்டு வியந்த ஓலோஃப் செல்சியஸ் என்னும் பேராசிரியர் உணவும் உறையுளும் அளித்தார். 1732இல் வடகோடி லாப்லாந்துக்குத் தனியே பயணம் செய்து அரிய தாவரங்கள் பலவற்றைக் கண்டறிந்தார். 1735இல் ஹாலந்து சென்று மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், இயற்கைப் பொருள்கள் அனைத்தையும் கனிமம், தாவரம், விலங்கு என மூவுலகாகப் பகுத்த 'சிஸ்டமா நேச்சுரே' நூலை வெளியிட்டார். பெரிய தாள்களில் அச்சான ஒரு சில பக்கங்களே கொண்ட நூல் அது.

அக்காலத்தில் ஒரு செடியின் பெயர் ஒரு வாக்கியமாகவே நீண்டிருந்தது. தக்காளியைக் குறிக்க, முள்ளற்ற மென்தண்டும், பிளவுபட்ட சிறகு வடிவ இலையும், கிளைக்காத பூங்கொத்தும் உடையது என்று இலத்தீனில் அடுக்க வேண்டியிருந்தது. புதிய செடியொன்று கிடைத்தால் அதனை வேறுபடுத்த மேலும் சில சொற்கள் சேரும். அறிஞர்க்கு அறிஞர் பெயரும் மாறும். 1753இல் வெளிவந்த 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கு இரண்டே சொற்களில் பெயர் சூட்டினார் லின்னேயஸ். முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். நம் செங்காந்தள் 'குளோரியோசா சூபர்பா' ஆனதும், பனை 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்' ஆனதும் அந்நூலில்தான்.

பெயரிடுதலில் வென்றவர் வகைப்படுத்துதலில் முழுமையாக வென்றார் எனல் இயலாது. மகரந்தத்தாள்களை எண்ணித் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். மாணவரும் எளிதில் பின்பற்றத்தக்க முறை. ஆயினும் பாலைநிலக் கள்ளியும் செர்ரி மரமும் அதில் ஒரே வகுப்பில் வந்து நின்றன! இது செயற்கை முறை என்பதை அவரே உணர்ந்திருந்தார். இயற்கை உறவுகளைத் தழுவிய முறையொன்றை வாழ்நாள் முழுதும் தேடி, நிறைவு செய்யாமலே விட்டார்.

1758இல் வெளியான 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில், அதுவரை மீன்களோடு வைத்திருந்த திமிங்கிலத்தைப் பாலூட்டிகளுடன் சேர்த்தார். மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தார். சமயம் கோலோச்சிய நாட்டில் அதற்குத் துணிவு வேண்டும். அதே நூலில் மனிதரைத் தோல்நிறத்தாலும் கண்டத்தாலும் பிரித்து, ஒவ்வொரு பிரிவினர்க்கும் ஒரு குணத்தை ஏற்றியும் எழுதினார். இலையையும் மகரந்தத்தாளையும் கூர்ந்து நோக்கிய அக்கண்கள் இங்கே நோக்காமலே எழுதின. பின்வந்தோர் அப்பகுப்பை இனவெறிக்குக் கருவியாக்கினர்.

உப்சாலாவில் 1741 முதல் பேராசிரியராக விளங்கிய அவர், மாணவர்களை உலகெங்கும் செடி தேட அனுப்பினார். சிலர் செல்லுமிடத்தில் நோயுற்று மாண்டனர். அரேபியா சென்ற ஃபோர்ஸ்கால் திரும்பவே இல்லை. அவரிடம் பயின்ற கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டினார்.

1774இல் பக்கவாதம் லின்னேயஸைத் தாக்கியது. நினைவு படிப்படியாக மங்கியது. ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பெயரிட்டவர், இறுதியில் தம் பெயரையே மறந்தார் என்பர். 1778ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் காலமானார். உடல் உப்சாலா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் சேர்த்த உலர்தாவரங்களையும் நூல்களையும் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய இளைஞர் விலைக்கு வாங்கினார். 1784இல் அவை கப்பலேறி இலண்டன் சென்றன.