தரங்கம்பாடியில் துயிலும் தமிழ் மாணவர்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில், ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் நிற்கிறது. 1718இல் அதைக் கட்டி முடித்தவர், மறு ஆண்டே அதனுள் அடக்கம் செய்யப்பட்டார். அவரே பார்த்தலோமேயு சீகன்பால்க். தமிழ் அச்சு வரலாற்றைப் படித்த நமக்கு இப்பெயர் புதிதல்ல. ஆனால், அவர் தமிழ் கற்ற கதையையும், அவரது முக்கியமான ஆய்வுக்கு நேர்ந்த கதியையும் நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

சீகன்பால்க் 1682 ஜூலை 10ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலமும் குன்றியே இருந்தது. ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்ற அவரை, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். தோழர் புளூட்சோவுடன் அவர் அங்கு வந்து சேர்ந்த நாள் 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு வயது இருபத்து நான்கு.

போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம், சிறு பிள்ளைகளோடு சேர்ந்து அமர்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். பின்னர் அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் பேச்சிலும் ஏட்டிலும் தேர்ந்தார். எழுத்தர்களைப் பல ஊர்களுக்கும் அனுப்பி ஓலைச்சுவடிகளை வாங்கினார். 1708இல் தாம் திரட்டிய நூல்களுக்குக் குறிப்புகளுடன் ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் கொண்ட அப்பட்டியலில் தொல்காப்பியமும் திருக்குறளும் இடம்பெற்றன. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அதே ஆண்டு இறுதியில், டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட மோதலால் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் கழித்தார். விடுதலைக்குப் பின் மொழிபெயர்ப்புப் பணி தொடர்ந்தது. லண்டனிலிருந்து அச்சுப்பொறியும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. தமிழில் முதல் அச்சுநூல் இதுவன்று. கொல்லத்தில் 1578இலேயே தமிழ் நூல் அச்சாகியிருந்தது. எனினும், விவிலியத்தின் ஒரு பகுதி முழுமையாகத் தமிழில் அச்சானது தரங்கம்பாடியில்தான். 1716இல் அவரது தமிழ் இலக்கண நூல் லத்தீன் மொழியில் ஹாலேயில் வெளிவந்தது.

ஆனால், அவர் 1713இல் எழுதி முடித்த இன்னொரு நூல் வெளிவரவில்லை. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றித் தமிழ் நூல்களிலிருந்தும், தமிழரிடம் கேட்டறிந்தும் தொகுத்த விரிவான நூல் அது. பிற சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதைப் பற்றிய செய்திகளை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது ஹாலேயிலிருந்த தலைமையின் எண்ணம். கையெழுத்துப் படி அச்சேறாமல் கிடந்தது. சீகன்பால்க் தம் சமயப் பணியை ஒருபோதும் கைவிட்டவரல்லர். தமிழரின் சிலை வழிபாட்டைக் கண்டித்தவர்தாம். ஆயினும், எதிர்ப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதினார். அந்த நேர்மையே அவரைத் தம் ஆசான்களிடமிருந்து வேறுபடுத்தியது.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் காலமானார். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் அதைக் காணவில்லை.

தாய்மொழியாகத் தமிழைப் பெற்ற நாம் ஒரு சுவடியையாவது தேடிப் படித்திருக்கிறோமா? மணலில் எழுதத் தொடங்கிய அந்த மாணவரின் கல்லறை நம்மிடம் கேட்கும் கேள்வி அதுவே.