எண்ணெய்க் கிண்ணம் தந்த எலைஜா மெக்காய்



பயிற்சிக்காக ஒரு லாரி ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தேன். முதல் நாளே என் கையில் கிரீஸ் கன்னைக் கொடுத்து, வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னார்கள். டிப்ளமோ படிக்கிறவனுக்கு இதுதானா வேலை என்று ஒரே வருத்தம். ராத்திரி வீட்டில் போய்ச் சொன்னேன். எங்க அப்பா இருபது வருஷமாக லாரி ஷெட்டில் கிரீஸ் அடிக்கிறவர். அவர் பதில் ஒண்ணும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். என்ன பேசினோம் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகுதான் எலைஜா மெக்காய் என்பவரின் வாழ்க்கையைப் படித்தேன். எண்ணெய் போடும் வேலையிலேயே பெயர் வாங்கிய மனிதர் அவர். அவர் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அடிமையின் மகன்

மெக்காயின் தாயும் தந்தையும் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள். அங்கிருந்து தப்பி ஓடி, கனடா போய்ச் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கனடாவில் 1834லேயே அடிமை முறை ஒழிந்திருந்தது. அமெரிக்காவிலோ 1865 வரை நீடித்தது. ஒன்டாரியோவில் கோல்செஸ்டர் என்ற ஊரில் 1844ஆம் ஆண்டு எலைஜா பிறந்தார்.

சின்ன வயசிலேயே எந்தக் கருவியைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்கிற பையன். அதைக் கவனித்த பெற்றோர், 15 வயதில் அவரை ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகருக்குப் படிக்க அனுப்பினார்கள். படிக்கவே உரிமை இல்லாத இடத்திலிருந்து ஓடி வந்தவர்கள், மகனைக் கடல் தாண்டி அனுப்பினார்கள் என்றால் அந்த மனசை நினைத்துப் பாருங்கள். அங்கே அவர் தொழில் பழகி, மெக்கானிக்கல் என்ஜினியராகத் தேறினார்.

படித்தது ஒன்று, கிடைத்தது ஒன்று

திரும்பி வந்தபோது குடும்பம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் குடியேறியிருந்தது. அவர் தகுதிக்கேற்ற வேலை எங்கேயும் கிடைக்கவில்லை. கறுப்பர் என்ற ஒரே காரணம்தான். கடைசியில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் ஃபயர்மேன் வேலை கிடைத்தது. அடுப்பில் நிலக்கரி அள்ளிப் போட வேண்டும். வண்டி நின்றால் இறங்கி, ஓடும் பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் விட வேண்டும்.

அந்தக் காலத்து நீராவி என்ஜினை எண்ணெய்க்காகவே அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. எண்ணெய் காய்ந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். சூடேறி, தேய்ந்து, கடைசியில் பிடித்துக்கொள்ளும். வேறு யாராவது என்றால், இது நம் தலைவிதி என்று எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். மெக்காய் யோசித்தார்.

1872 ஜூலையில், நீராவி என்ஜினுக்கான எண்ணெய்க் கிண்ணம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நீராவியின் அழுத்தமே வால்வை இயக்கி, எண்ணெயைச் சிலிண்டருக்குள் விடும். வண்டி ஓட ஓட எண்ணெய் தானாகவே இறங்கும். இதை அவர்தான் முதன்முதல் நினைத்தார் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1860களிலேயே இப்படிப்பட்ட கருவிகள் இருந்தன. அவருடைய காப்புரிமையின் தலைப்பிலும் மேம்பாடு என்றுதான் இருக்கிறது. இருப்பதைத் திருத்தி நம்பகமாக்குவதும் என்ஜினியர் வேலைதானே!

அந்தக் காப்புரிமையை அவர் பிறருக்கு விற்க வேண்டியிருந்தது. கையில் முதல் கிடையாது. பிறகும் விடாமல் உழைத்து, வாழ்நாளில் 57 காப்புரிமைகள் வரை பெற்றார். பெரும்பாலானவை மசகு சம்பந்தப்பட்டவை. துணி தேய்க்கும் மேஜை, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி ஆகியவையும் உண்டு.

அசல் சரக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் உண்மையான மெக்காய் என்று ஒரு வழக்கு இருக்கிறது. அது இவர் கருவியால் வந்தது என்பார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் 1850களிலேயே உண்மையான மெக்கே என்ற சொல் வழங்கியிருக்கிறது. ஆகவே அதை உறுதியாகச் சொல்வதற்கில்லை. அந்தப் பெருமை இல்லாவிட்டாலும் அவர் பெரியவர்தான்.

சூடு கூடினால் எண்ணெய் போதாது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிவெப்ப நீராவி என்ஜின்கள் வந்தன. நீராவியின் சூடு 300 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அந்தச் சூட்டில் வெறும் எண்ணெய் கருகிவிடும். கிராஃபைட் தூளைச் சேர்த்தால் தாங்கும். ஆனால் தூள் ஒரே சீராகப் போகாமல் குழாயில் அடைத்துக்கொள்ளும். எண்ணெயோடு கிராஃபைட்டையும் ஒழுங்காக அனுப்பும் கருவிக்கு 1915இல் காப்புரிமை பெற்றார் மெக்காய். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். 1920இல் டெட்ராய்டில் தன் பெயரிலேயே ஒரு கம்பெனியும் கண்டார்.

1922இல் ஒரு கார் விபத்தில் கணவன் மனைவி இருவருக்கும் அடிபட்டது. அடுத்த ஆண்டு மனைவி மேரி காலமானார். பிறகு அவர் உடம்பும் மனசும் தளர்ந்து, 1929 அக்டோபர் 10ஆம் நாள் ஓர் ஆதரவு இல்லத்தில் உயிர் நீத்தார். 2012இல் டெட்ராய்டில் அமெரிக்க அரசு திறந்த காப்புரிமை அலுவலகத்துக்கு அவர் பெயரையே சூட்டியது.

நமக்கு என்ன பாடம்?

வேலைக்கேற்ற மசகு என்பதுதான் மெக்காயின் வாழ்நாள் பாடம். நான் அதைக் கழுவிக் கழுவிப் படித்தேன். ஒரு நாள் ஷேக்கிள் பின்னுக்கு வைத்திருந்த சேஸிஸ் கிரீஸையே முன் ஹப்பிலும் அடைத்துவிட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, மொத்தத்தையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ வைத்தார்.

காரணம் இதுதான். சாதாரண கால்சியம் சேஸிஸ் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது. ஆனால் 100 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும். வீல் பேரிங்குக்குப் பக்கத்திலேயே பிரேக் டிரம் சூடேறுகிறது. உருகிய கிரீஸ் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்குமா? அதனால் அங்கே சுமார் 180 டிகிரி வரை உருகாத லித்தியம் கிரீஸ், 2ஆம் எண் கெட்டி, வேண்டும். அதையும் ஹப் நிறையத் திணிக்கக் கூடாது. கடைபட்டுச் சூடாகும்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் வேகம் இல்லை; ஆனால் பாரமும் குலுக்கலும் அதிகம். கிரீஸ் படலம் பிதுங்கிப் போய்விடும். அங்கே மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் நல்லது. கிராஃபைட் மாதிரியே அடுக்கடுக்காக வழுக்கும் தூள் அது. படலம் போனாலும் அது நிற்கும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாமல் புதுசை மேலே அடிப்பதும் தப்பு. களிமண் வகையும் லித்தியமும் கலந்தால் இளகி ஓடிவிடலாம்.

இதையெல்லாம் நோட்டில் எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹப்பில் அதிகம் திணித்தால் சீல் வழியே வந்து லைனிங்கை நனைக்கும் என்று அவரும் ஒன்று சேர்த்தார். என் நோட்டில் அது இல்லை. எழுதிக்கொண்டேன்.

நண்பர்களே, கிரீஸ் கன்னைப் பிடிக்க வெட்கப்பட வேண்டாம். மெக்காய் எண்ணெய்க் கேனைப் பிடித்தபடிதான் யோசித்தார். நாமும் யோசிப்போம்!