வாசலைத் திறந்த வக்கீல்

கார்த்திகை தீபத்தன்று நம்ம ஊர் பெரிய கோயிலுக்குள் எல்லோரும் முண்டியடித்து நுழைகிறோம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைத்தே கிடந்தன. அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் மதுரை வக்கீல் அ. வைத்தியநாத ஐயர்.

1890-இல் தஞ்சை மாவட்டம் விஷ்ணம்பேட்டையில் பிறந்தவர். மதுரையில் பெயர்பெற்ற வக்கீல். சும்மா வழக்கு, வருமானம் என்று இருந்துவிடவில்லை. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். ஹரிஜன சேவா சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். தாழ்த்தப்பட்ட மாணவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துச் சாப்பாடு போட்டார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவருக்குப் பிள்ளை மாதிரி.

1939 ஜூலை 8 காலை, கக்கன் உள்ளிட்ட சிலரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு துணை நின்றார். மதுரையில் அவர்களைக் காக்க அன்று ஒரு சட்டமும் இல்லை. வழக்கு வந்தால் என்ன ஆகும் என்பது வக்கீலுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் போனார். பட்டர்கள் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். சொந்தச் சாதியாரே அவரை ஒதுக்கினார்கள். அவர் அசையவில்லை.

ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் போட்டு, நுழைந்தவர்களுக்கும் துணை நின்றவர்களுக்கும் பாதுகாப்பு கொடுத்தது. 1947-இல் வந்த சட்டம் மாகாணம் முழுக்கக் கோயில்களைத் திறந்துவிட்டது.

1955-இல் அவர் மறைந்தார். 1999-இல் தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்தார்கள்.

சட்டம் படிக்கப் போகும் நம் கல்லூரித் தம்பி, தங்கைகளே! சட்டம் நியாயத்துக்குப் பின்னால் மெதுவாகத்தான் நடந்து வரும். முன்னால் நடக்க ஒருவர் வேண்டும். அன்று அந்த ஒருவர் ஒரு வக்கீல்.